தங்கப் பாதையும் வெள்ளிச் செருப்பும்

'இன்ஜினியரிங் எகனாமிக்ஸ்' என்றொரு பேப்பர் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். பணவீக்கம், பணவாட்டம் எல்லாம் அதில் சூத்திரமாக வந்து சூத்திரமாகவே போய்விட்டன. அதே விஷயத்தைக் குழந்தைக் கதை ஒன்றை வைத்து நடத்தினார் ஓர் அமெரிக்க ஆசிரியர்.

எல். ஃபிராங்க் பாம் 1900-ல் எழுதிய 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' கதையில், டோரத்தி என்ற கான்சாஸ் சிறுமி வெள்ளிச் செருப்பு மாட்டிக்கொண்டு மஞ்சள் செங்கல் பாதையில் நடக்கிறாள். கூடவே வைக்கோல் பொம்மை, தகர மனிதன், பயந்த சிங்கம். (1939-ல் வந்த சினிமாவில் செருப்பு சிவப்பாகிவிட்டது!) நியூயார்க் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹென்றி லிட்டில்ஃபீல்ட், 1890-களின் அரசியலை விளக்க இதை எடுத்துக்கொண்டார். 1964-ல் கட்டுரையாகவும் எழுதினார். வைக்கோல் பொம்மை விவசாயி, தகர மனிதன் தொழிலாளி, சிங்கம் அரசியல் தலைவர் பிரயன், மஞ்சள் பாதை தங்கம்.

அன்று என்னதான் பிரச்சினை? டாலருக்குத் தங்கம்தான் அடிப்படை. உற்பத்தி பெருகிய அளவுக்குத் தங்கம் பெருகவில்லை. 1880-லிருந்து 1896-க்குள் விலைவாசி சுமார் 23 சதவீதம் இறங்கியது. விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். கடன்காரனைக் கேளுங்கள்! கோதுமையும் அதே அளவு இறங்கினால், 100 மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு 130 மூட்டை விற்க வேண்டும். அதனால்தான் விவசாயிகள், 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற கணக்கில் வெள்ளியையும் நாணயமாக அடிக்கச் சொன்னார்கள். அதற்காக நின்ற பிரயன் 1896 தேர்தலில் தோற்றார். பிறகு தென்னாப்பிரிக்கத் தங்கமும், தாதுவிலிருந்து அதைப் பிரிக்கும் சயனைடு முறையும் வந்தன. பணம் பெருகியது, விலையும் ஏறியது. வாக்குச்சீட்டு செய்யாததை நம்ம கெமிக்கல் இன்ஜினியரிங் செய்தது!

1990-ல் ஹ்யூ ராக்காஃப் என்ற பொருளாதார அறிஞர் இதை விரித்து எழுத, கல்லூரிப் பாடநூல்களிலும் கதை ஏறியது. இங்கேதான் ஒரு சிக்கல். பாம் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று பலர் நம்பிவிட்டார்கள். குழந்தைகள் மகிழவே எழுதியதாகத்தான் அவர் முன்னுரையில் சொல்கிறார். பாமை அந்த இயக்கத்தின் ஆதரவாளர் என்று சொல்ல ஆதாரமில்லை என்று லிட்டில்ஃபீல்டே 1992-ல் எழுதினார்.

அதனால் பாடம் பொய்யாகிவிடுமா? ஆகாது. 130 மூட்டைக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. கதை அதை மாட்டி வைக்க ஓர் ஆணி, அவ்வளவுதான். தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் யாருக்காவது கற்றுக் கொடுப்பீர்கள். தாராளமாகக் கதை சொல்லுங்கள். கூடவே, எது கதை, எது கணக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.