லயத்துக் கைவைத்தியம்

எஹலியகொடப் பகுதியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஈரம் காயாத லயக் காம்பிராவில் ஒருவருக்குத் தடிமன் கண்டால் வீட்டார் அனைவருக்கும் அது பங்கு வைக்கப்படும். உடனே அடுப்பில் ஏறுவது கொத்தமல்லித் தண்ணீர். அந்தச் சிறு சட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து வந்த நம் முன்னோர், தம் ஊர்ப் பாட்டிமாரின் வைத்தியத்தையும் கூடவே கொண்டு வந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பர். நல்லாதனார் தம் நீதி நூலுக்கே அப்பெயரைச் சூட்டினார் எனின், அம்மருந்து தமிழரிடையே எவ்வளவு பழகியது என்பது விளங்கும். இஞ்சியும் மிளகும் சப்பிரகமுவ மண்ணில் நன்கு விளைவன. கொத்தமல்லி மட்டும் கடைச் சரக்கு. இன்றும் பெரும்பாலும் கப்பலேறியே வருகிறது.

அயற் கிராமத்துச் சிங்கள மக்கள் தடிமனுக்குப் 'பஸ்பங்குவ' காய்ச்சுவர். ஐந்து பங்கு என்பது பொருள். கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், அவர்கள் வெனிவெல் எனும் மரமஞ்சள் ஆகியவையே அவ்வைந்து. கொத்தமல்லி என்ற சொல் சிங்களத்திலும் அப்படியே வழங்குகிறது. யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கை நாம் இங்கே தொடுக்கப் போவதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி இருக்கக் கைமருந்து ஏன் நிலைத்தது? 1872இலேயே தோட்டத்து மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் வந்தது. 1912இல் வந்த சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் கடமையை மேலும் வற்புறுத்தின. அறியாமையே காரணம் என்று சிலர் கூறுவர். நாம் அதை ஒப்போம். றப்பர் மரப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோப்பையில் சேராமல் மழைநீரோடு வழிந்துவிடும். ஆகவே மழை நாளில் வேலை இல்லை; வேலை இல்லையேல் பேர் இல்லை; பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. தடிமன் வருவதும் அதே மழையில்தான். வெயில் எறித்த நாளில் வெட்டப் போகாமல் மருந்துக்குக் காத்து நின்றால் அந்தப் பேரும் கைநழுவும். எனவே, இருட்டோடு எழுந்து கஷாயம் குடித்துவிட்டு மலைக்கு ஏறினார்கள். இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது?

ஆயினும் எல்லாக் காய்ச்சலும் தடிமன் காய்ச்சல் அன்று. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியது. நாடெங்கும் பல்லாயிரவர் மாண்டனர். கிராமத்தவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அங்கே கொயினா மருந்தும் வயிற்றுக்கு உணவும் வேண்டியிருந்தன. அக்காலத்தில் பருப்பு வழங்கித் தொண்டாற்றிய என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மஹத்தயா' என்றே பெயர் வழங்கியது.

கொரோனாக் காலமும் நம் நினைவை விட்டு அகலாது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்றைக் கொரோனாவுக்கு மருந்து என்று ஒருவர் வழங்கினார். காளி தேவி அருளியது என்றார். கூட்டம் கூடலாகாத நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பகிரங்கமாக அதைப் பருகிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்றுக் கண்டது. அம்மன் பெயரைச் சொன்னதால் நம்மவரிலும் சிலர் மயங்கினர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். லயத்துப் பாட்டி எக்காலத்தும் தன் சட்டிக்கு இத்தகைய விளம்பரம் தேடியவள் அல்லள்.

அவள் கஷாயம் கிருமியைக் கொல்லும் என்பதற்கில்லை. சாதாரணத் தடிமன் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே தணியும்; அதுவரை சூடான நீர் தொண்டைக்கு இதம் தரும். தேன் இருமலைத் தணிக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. நொச்சியிலை போட்டு வேது பிடிக்கையில் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதும் உண்டு. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் கடந்தாலோ ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும்.

கொத்தமல்லியைச் சிறிது வறுத்து, தட்டிய இஞ்சியோடு சுண்டக் காய்ச்சுவதே நம் வீட்டு வழக்கம். கசக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பர். அந்த நாளில் ஊரிலிருந்து வந்தவர் பனங்கருப்பட்டி கடித்துக்கொண்டு குடித்தனர். இங்கே பனை ஏது? கித்துள் கருப்பட்டித் துண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.