மூன்று நிமிட இருட்டு

என் மாணவிகள் டி.பி. ராஜலட்சுமியைப் பற்றிக் குறும்படம் எடுத்தார்கள். குழந்தை மணத்திலிருந்து மீண்டு நாடக மேடைக்கு வந்தவர்; 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி; 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’வாக இயக்கிய, தமிழின் முதல் பெண் இயக்குநர்.

பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ‘மிஸ் கமலா’ காட்சிகளுக்கு என்று திரைக்கதையில் எழுதியிருந்தோம். தேடினால், பிரதியே கிடைக்கவில்லை. புகைப்படங்களால் நிரப்பலாம் என்றேன். “இல்லாததை இல்லை என்றே காட்டுவோம், மேடம்” என்றாள் படத்தொகுப்பு செய்தவள்.

அந்த மூன்று நிமிடமும் திரை இருட்டுதான். படப்பிடிப்புக்கு வர வீட்டில் என்ன சொன்னோம் என்று ஒவ்வொருத்தியும் பேசும் குரல் மட்டும் கேட்கிறது. ஒருத்தி ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ராஜலட்சுமி படம் இயக்கி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், கேமராவைத் தொட ஒரு பெண் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. திரைக்கதை எழுதியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.