சேலத்தின் பரிபாஷைச் சங்கம்

1916ஆம் ஆண்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த சி. இராஜகோபாலாச்சாரியாரும் (இராஜாஜி) வெங்கடசுப்பையரும், தமிழில் சொல்லில்லாத ஆங்கில அறிவியல் சொற்களுக்கு ஈடு வகுக்கத் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பரிபாஷை என்பது ஒரு துறையினர் பொருள் வரையறுத்து வழங்கும் சொல், அதாவது இன்றைய கலைச்சொல். தமிழுக்குச் சொல் தேடிய இச்சங்கம் தன் இதழை ஆங்கிலத்தில் நடத்த முற்பட்டதைப் பாரதியார் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே, எனினும் மருத்துவரும் பொறியாளரும் ஆங்கிலத்திலேயே படித்திருந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

புதுச்சொல் ஆக்கத்தில் நகைச்சுவை அழையா விருந்தாளியாக நுழைவதுண்டு. ஆக்சிஜனுக்கு வழங்கிய பிராணவாயு என்னும் பெயரையே எடுத்துக்கொண்டால், சித்த மருத்துவத்தில் உடலுக்குள் இயங்கும் தசவாயுக்களுள் முதலாவதற்கு உரிய அப்பெயர், ஆய்வுக்கூடத்துக் குடுவையில் அடைபட்டது வேடிக்கையன்றி வேறென்ன? தனித்தமிழ் ஆர்வலர் பின்னர் அதை உயிர்வளி ஆக்கினர்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, இத்தகைய சொற்களைப் பாடத்தில் புழங்கவிட்டார். சேலத்து முயற்சியோ பட்டியலளவில் நின்றது. அக்குறையை இராஜாஜியே உணர்ந்தார் போலும்: பிற்காலத்தில் வேதியியலை எளிய தமிழில் விளக்கி அவர் எழுதிய நூலின் பெயர் ‘திண்ணை ரசாயனம்’.