புதுவையில் துபாஷிகள்

'துபாஷி' என்பது 'த்விபாஷி'யின் திரிபு. இருமொழி அறிந்தவர் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையிலோ இரு மொழிகள் போதவில்லை. கவர்னர் துய்ப்ளேக்ஸின் (1742–1754) மொழி பிரெஞ்சு. ஆர்க்காட்டு நவாபுக்கும் ஹைதராபாத் நிஜாமுக்கும் செல்லும் கடிதங்கள் பாரசீகத்தில் அமைய வேண்டும். நடுவே நின்று காரியம் நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736இல் தொடங்கி அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பே இவற்றையெல்லாம் நமக்குக் காட்டுகிறது.

பாரசீகக் கடிதம் எடுத்த எடுப்பில் காரியத்துக்கு வராது. பெறுபவரின் பட்டங்களை வரிசை பிசகாமல் அடுக்கிய பிறகே செய்தி தொடங்கும். பட்டம் ஒன்று விடுபட்டாலும் அவமதிப்பு. ஆகவே சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. மரியாதையையும் மாற்றித் தரவேண்டும். யாருக்கு எத்தனை பீரங்கிகள் முழங்கின, யாருக்கு என்ன நஜர் வைக்கப்பட்டது என்று பிள்ளை விடாது எழுதிச் செல்வதைச் சிலர் சலிப்பூட்டும் விவரம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. துபாஷியின் துணையின்றி இரு தரப்பாருக்கும் விளங்கிய மொழி அந்தப் பீரங்கியொலி ஒன்றுதானே! துய்ப்ளேக்ஸும் இதை நன்கு அறிந்திருந்தார். 1750 டிசம்பரில் முஸப்பர் ஜங்குக்குப் புதுவையில் பட்டம் சூட்டியபோது, அவர் முஸ்லிம் பிரபுவின் உடையில் தோன்றினார்.

துபாஷியின் செல்வாக்கு மற்றவர்களின் அறியாமையில் நின்றது. துய்ப்ளேக்ஸின் மனைவியார் புதுவையிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர், 'ஜான் பேகம்' என்ற பெயரால் தர்பார்களோடு தாமே கடிதத் தொடர்பு கொண்டவர். அவர்மீது பிள்ளைக்கு இருந்த கசப்பு நாட்குறிப்பின் பல பக்கங்களில் தெரிகிறது. அதற்குச் சமயமும் பதவிப் போட்டியும் காரணங்களே. ஆயினும் கவர்னரின் இல்லத்திலேயே தமிழ் அறிந்த ஒருவர் இருப்பது எந்தத் துபாஷிக்குத்தான் இனிக்கும்?

நம்மவர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதுவையில் பாரசீகக் கடிதங்களைப் படித்தும் எழுதியும் வந்தவர் மதானந்த பண்டிதர். பெயரே சொல்கிறது, அவர் முஸ்லிம் அல்லர். பாரசீகம் அன்று சமயமொழியாக அன்று, அலுவல்மொழியாகவே வழங்கியது. தாக்கீது, வசூல், ஜவாப்பு முதலியவற்றைப் பள்ளிவாசல் வழியே வந்த சொற்கள் என நம் வீடுகளில் எண்ணுவோர் உளர். அவை கச்சேரி வழியே வந்தவை. பிள்ளையின் காலத்தில் வக்கீல் என்றால் ஒரு தர்பார் மற்றொரு தர்பாருக்கு அனுப்பும் தூதர். பிறருக்காகப் பேசும் அந்த வேலையை அச்சொல் இன்றும் விடவில்லை, தர்பார்தான் நீதிமன்றமாயிற்று.