சாலைக்கு முன்னே நடந்தவர்கள்

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் பழங்குடிகளின் பாழடைந்த ஊர்களைக் குடைந்து, பானைகளை அள்ளிப்போய் விற்பது ஒரு காலத்தில் நல்ல வியாபாரம். அதை ஒடுக்க 1906 ஜூனில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு நிலத்தில் அனுமதியின்றித் தோண்டினால் 500 டாலர் வரை அபராதம் அல்லது 90 நாள் வரை சிறை. மண்வெட்டித் திருடர்களுக்காக எழுதிய சட்டம் அது. புல்டோசர் என்றொரு பூதம் வருமென்று யார் கண்டார்கள்?

1929-இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூரில் கருகிய உத்தரத் துண்டு ஒன்று அகப்பட்டது. மர வளையங்களை எண்ணிவந்த வானியலாளர் டக்ளஸ், நடுவில் அறுந்து கிடந்த ஆண்டுக் கணக்கை அதை வைத்து முடிச்சுப் போட்டார். இடிந்த வீட்டின் உத்தர மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதையே இனிச் சொல்லிவிடலாம். மண்ணுக்குள் கிடந்த கரித்துண்டுக்குக்கூட மதிப்பு வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில்தான் 1950-இல் எரிவாயுக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டக் கிளம்பினார்கள்.

எல் பாசோ இயற்கை எரிவாயு நிறுவனத்தின் குழாய், நவஹோ மக்களின் நிலத்தைக் கடந்து மேற்கே போகவேண்டும். வழியில் புதையுண்ட குடியிருப்புகள். மத்திய அரசின் தொல்லியல் ஆலோசகர் ஜெஸ்ஸி நுஸ்பாம், அறுபதைக் கடந்த அனுபவசாலி. அவர் கையிலிருந்த ஆயுதம் அந்தப் பழைய 1906 சட்டம். நிறுவனம் இறங்கிவந்தது. தொல்லியலாளர்கள் வேலை செய்தார்கள்; செலவை நிறுவனம் ஏற்றது. கம்பெனியே கொடுக்கும்போது நெடுஞ்சாலைத் துறை கொடுக்காதா?

கேட்டுப் பார்க்க ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் குண்டடிபட்டு வலது கை ஊனமான தொல்லியலாளர் ஃபிரெட் வென்டார்ஃப். அவர் முயற்சியில் 1954-இல் நியூ மெக்சிகோவில் நெடுஞ்சாலை மீட்பு அகழாய்வு தொடங்கியது. புதுச்சாலை போகவிருந்த தடத்தில் ஆட்கள் குனிந்த தலையோடு நடந்தார்கள். வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடிட்ட ஒரு பானை ஓடு, சாம்பல் கலந்து கறுத்த ஒரு திட்டு மண் கண்ணில் பட்டால் அங்கே நின்று தோண்டினார்கள், இயந்திரம் வந்து சேர்வதற்குள். ஆனால் இது ஒரே ஒரு மாநிலத்தின் நல்ல மனசு. மற்ற மாநிலங்களில்?

அதிர்ஷ்டம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. 1956 ஜூன் 29 அன்று, குடல் அறுவை சிகிச்சை முடிந்து வால்டர் ரீட் மருத்துவமனையில் இருந்த அதிபர் ஐசனோவர், 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் ஒரு சின்னப் பிரிவு: சாலைப் பணத்தைத் தொல்பொருள் மீட்புக்கும் செலவிடலாம். ‘லாம்’தான், கட்டாயமில்லை. சாலைகள் பழைய ஊர்களையும் பேட்டைகளையும் விழுங்கிக்கொண்டு ஓடின.

விழுங்கிய வேகமே எதிர்ப்பைக் கிளப்பியது. 1966-இல் இன்னொரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கிடைக்கும் முன்பே, பட்டியலிட்ட வரலாற்று இடங்களுக்கு நேரும் பாதிப்பைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்றது. அடுத்த பத்தாண்டுக்குள் பட்டியலில் ஏறாத, ஆனால் ஏறத் தகுதியுள்ள இடங்களும் சேர்ந்தன. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் மண்ணுக்கடியில் கிடப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

போய்ப் பார்த்தால்தான் உண்டு. சாலையை அகலப்படுத்தும் முன் நடக்கும் தொல்லியல் ஆய்வு அங்கே இப்படித்தான் கட்டாய வேலையானது. வரிசையாக நடக்கிறார்கள், இடைவெளி விட்டுச் சிறுகுழி எடுக்கிறார்கள், மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். பெரும்பாலான குழிகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. பொறியாளர்களுக்கு அதைவிட இனிய செய்தி வேறில்லை. பல மாநில நெடுஞ்சாலைத் துறைகளில் இன்று தொல்லியலாளர்களும் மாதச் சம்பளக்காரர்கள். ஜல்லி வந்து இறங்குவதற்குள் அவர்கள் அறிக்கை மேசைக்கு வந்தாகவேண்டும்.