பிரெஞ்சுத் துறவியரும் விபுலானந்த அடிகளும்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை அரணாய் அமைந்தது. ஆழமும் அகலமும் வாய்ந்த அத்துறையைக் கைப்பற்றக் கடல் கடந்து வந்தோர் பலர். போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அதனைத் தமதாக்கினர். இவர்களுக்கிடையே பிரெஞ்சுக்காரரும் இருமுறை போர்க்கப்பல்களுடன் வந்தனர். 1672 இல் வந்த தெ லா ஏயின் படை நெடுநாள் நிலைக்கவில்லை. 1782 இல் தளபதி சுப்பிரேன் கோட்டையைக் கைப்பற்றினார். எனினும், போர் முடிந்து உடன்படிக்கை ஏற்பட்டதும் அது ஒல்லாந்தரிடமே மீண்டது. படைகொண்டு வந்த பிரெஞ்சுக்காரர் இம்மண்ணில் விட்டுச் சென்றது சிறிதே.

நூறாண்டு கழிந்தபின் பிரெஞ்சுக்காரர் மீண்டும் வந்தனர். இம்முறை அவர்கள் கையில் இருந்தவை நூல்கள். 1893 இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாக்கப்பட்டது. அதன் பொறுப்பு பிரான்சு தேசத்து இயேசு சபைக் குருமாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1898 இல் அதன் ஆயராக நியமனம் பெற்ற சார்ல்ஸ் லவீஞ் அவர்களும் பிரெஞ்சுக்காரரே. மட்டக்களப்பும் இம்மறைமாவட்டத்தில் அடங்கியதாதலின், அந்நகரத்து அர்ச். மிக்கேல் கல்லூரியும் அக்குருமாரின் பராமரிப்பில் வளர்ந்தது.

அக்கல்லூரியிற் கற்ற மாணவருள் ஒருவர் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனன். 1892 மார்ச் 27 இற் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்த அவர், பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் என உலகம் போற்ற விளங்கியவர். அவருக்குக் கணிதத்தில் ஊக்கமளித்தவராகப் பொனெல் அடிகளாரைச் சரிதம் வரைந்தோர் குறிப்பிடுவர். மயில்வாகனன் தம் பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையில் தேறி, தாம் கற்ற கல்லூரியிலேயே சிலகாலம் ஆசிரியராகவும் அமர்ந்தார்.

இயேசு சபையாரின் கல்வி முறை 1599 ஆம் ஆண்டிலேயே விதிநூலாக வகுக்கப்பெற்றது. வகுப்புக்கள் படிமுறையாய் அமைதல், கற்றதை மீள மீளப் பயிலுதல், மாணவரின் ஒழுக்கத்தை ஆசிரியர் இடையறாது கண்காணித்தல் என்பன அதன் கூறுகள். இவற்றினும் மேலாக, ஆசிரியர் இல்லறத்தையும் பொருளையும் துறந்து பள்ளியையே தம் வாழ்வாகக் கொண்டனர். தாய்நாட்டை விட்டு வந்து, வெப்பமும் நோயும் பொறுத்து, அயலார் பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் துறவியரை இளமையிற் கண்ட ஒருவரின் உள்ளத்தில், கற்பித்தல் என்பது பிழைப்புக்கு உரிய தொழில் மட்டுமன்று என்ற எண்ணம் வேரூன்றியிருத்தல் இயல்பே.

ஆயினும் அக்கல்விக்கு ஒரு விலையும் இருந்தது. அக்காலத்தில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் வேண்டிய சைவப் பிள்ளைகளிற் பெரும்பாலார் கிறித்தவ மிஷன் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்தது. வீட்டில் ஓதிய தேவாரத்துக்கு வகுப்பில் இடமில்லை. உத்தியோகம் தரும் கல்வி ஒருபுறமும், முன்னோர் சமயமும் மொழியும் மறுபுறமும் நின்றன. இரண்டில் ஒன்றை இழந்தே மற்றதைப் பெறவேண்டும் என்ற நிலை பல குடும்பங்களைக் கலங்கச் செய்தது.

மயில்வாகனன் இரண்டையும் விடவில்லை. 1916 இற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான தீபம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922 இற் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924 இற் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். இளமையிற் கண்ட துறவாசிரியர் வாழ்வு, இப்பொழுது அவர்தம் சமய மரபின் வழியே அவருக்கும் உரியதாயிற்று.

அடிகள் தாய்நாடு திரும்பிய காலத்தில் திருகோணமலை அவர் பணிக்கு ஏற்ற களமாய் இருந்தது. துறைமுகத்தின் ஆட்சி பிறர் கையில் இருந்தது. பிரித்தானியக் கடற்படை அங்கிருந்து நீங்கியது 1957 இலேயாம். துறையைத் தம்முடையதாக்க இயலாத நகர மக்கள், தம் பிள்ளைகளின் கல்வியையேனும் தம்முடையதாக்க முனைந்தனர். 1897 இல் அவர்கள் தோற்றுவித்த சைவப் பாடசாலையே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்மக்கள் கல்விக்காகத் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923 இற் சண்முக வித்தியாலயத்தை நிறுவினார். கொடையும் விருப்பும் இருந்தன. பாடசாலையை நாள்தோறும் கட்டிக் காத்து நடத்தும் நிலையான அமைப்பே வேண்டியிருந்தது.

1925 இல் இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அடிகள் அதன் முகாமையாளரானார். தனியொருவர் ஆதரவில் தங்கியிருக்கும் பள்ளி, அவர் தளர்ந்தால் தானும் தளரும். துறவியர் சங்கத்தின் பள்ளியோ, ஒருவர் நீங்கினும் மற்றொருவர் பொறுப்பேற்க, அறுபடாது நடக்கும். குருமாரின் பள்ளிகள் தலைமுறைகள் கடந்து நிலைத்ததன் இரகசியம் இதுவே. அதனையே அடிகள் சைவ மக்களின் பள்ளிகளுக்கு அமைத்துக் கொடுத்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயமும் இந்நெறியிற் பிறந்ததே. வாவிக்கு ஒரு கரையில் அவர் கற்ற கல்லூரி. மறு கரையில் அவர் கட்டியெழுப்பிய கல்லூரி.

மிஷனரிமார் மதம் மாற்றவே பள்ளி நடத்தினர், அவர்க்கு நாம் கடன்பட்டிலோம் என்பார் சிலர். அவர்கள் இன்றேல் நமக்குக் கல்வியே இல்லை என்பார் வேறு சிலர். அடிகளின் வாழ்வு இவ்விரு கூற்றையும் மறுக்கின்றது. அவர் தம் ஆசிரியரின் சமயத்தை ஏற்கவில்லை. அவர்கள் அளித்த அறிவையும் ஒழுங்கையும் தள்ளவுமில்லை. பெற்றதை மறவாது, அதனைத் தம் மக்களுக்கு ஏற்ற வடிவில் ஆக்கி அளித்தார். விஞ்ஞானம் தமிழிற் பேசவேண்டும் எனச் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்ததும் இதன் தொடர்ச்சியே.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அப்பதவிகளினும் உயர்வாக அவர் கருதியது பிறந்த மண்ணின் பள்ளிகளையே எனலாம். 1947 ஜூனில் யாழ்நூலை அரங்கேற்றி, ஜூலை 19 இல் மறைந்த அவரின் பூதவுடல், சிவானந்த வித்தியாலயத்தின் முன்னிலையிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றது.

1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, சங்கத்தின் பள்ளிகளும் குருமாரின் பள்ளிகள் பலவும் ஒருங்கே கைமாறின. முகாமை மாறியது, பள்ளிகள் நின்றன. திருகோணமலை இந்துக் கல்லூரி இன்றும் இராமகிருஷ்ண சங்கத்தின் பெயரைத் தன் பெயரிற் கொண்டு விளங்குகின்றது. அப்பெயரை ஏந்தி அங்கே கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் அடிகள் விட்டுச் சென்ற கடமை ஒன்றுண்டு: நல்லது எத்திசையினின்று வரினும் நன்கு கற்று, அதனைத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியதாக்குதல் என்பது அது.