வானளாவிகளின் வேர்கள்

மிக உயர்ந்த கட்டடத்திற்கு அரபு மொழியார் இட்ட பெயர் 'நாத்திஹத்துஸ் ஸஹாப்'. மேகத்தைக் கொம்பால் முட்டுவது என்பது அதன் பொருள். நாம் அதனை 'வானளாவி' என்கிறோம். நம் தென்மாவட்டக் கொத்தனார்களோ, கடைக்கால் இடுவதற்குப் பள்ளம் வெட்டுவதை 'வானம் தோண்டுதல்' என்று வழங்குவர். மேலே உள்ள வானத்தைத் தொட விரும்புவோன் முதலில் மண்ணுக்குள் ஒரு வானத்தைத் தோண்டியாக வேண்டும். வானளாவிகளின் வரலாறு முழுவதையும் இந்தச் சொல்லைக் கொண்டே விளக்கிவிடலாம்.

திருப்பெரும்புதூரை அடுத்த மண்ணூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் அகன்று பரந்து கிடக்கின்றன. உயர்ந்து நிற்பவை சிலவே. ஆனால் தொழிலாளர் உறையும் இடங்கள் இப்போது மேல்நோக்கி எழத் தொடங்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் பத்து மாடிகள் கொண்ட 13 தொகுதிகள் உள்ளன. 18,720 பேர் அங்குத் தங்கலாம். வானளாவி என்னும் பெயர் இவற்றிற்குப் பொருந்தாது. எனினும் இவற்றைத் தாங்கும் இலக்கணமும் அதுவே. நம் பெண்மக்கள் உறங்கும் மாடிகள் எதன்மீது நிற்கின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

பண்டைக் காலத்தில் சுவரே கட்டடத்தின் பாரத்தைச் சுமந்தது. நாகூரின் 131 அடி மனாராவும், ஹளரமௌத்திலுள்ள ஷிபாம் நகரின் மண்செங்கல் மாடங்களும் அவ்வாறு எழுந்தவையே. சுவர் உயர உயர அதன் அடி பருத்தாக வேண்டும். சிகாகோவில் 1891-இல் சுவர்களின் பலத்தால் நின்ற 16 மாடிக் கட்டடம் ஒன்றின் அடிச்சுவர் ஆறடிப் பருமன் கொண்டது! இவ்வழியே மேலும் உயர்ந்தால் கீழ்த்தளம் முழுவதையும் சுவரே விழுங்கிவிடும்.

இதற்கான தீர்வு அதே நகரில் முன்னமே தோன்றியிருந்தது. 1885-இல் வில்லியம் ஜென்னி என்பார் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் பாரத்தை இரும்புச் சட்டத்தின்மேல் ஏற்றினார். உடலை எலும்பு தாங்க, தோல் போர்த்தி நிற்பது போலச் சுவர் வெறும் போர்வையாயிற்று. கயிறு அறுந்தாலும் கீழே விழாத மின்தூக்கிக்கு, 1854-இல் நியூயார்க்கில் ஓட்டிஸ் செய்துகாட்டிய பாதுகாப்புக் கருவி வழிவகுத்திருந்தது. படியேறிக் களைக்கும் கவலையும் அதனால் அகன்றது.

நம் சென்னை இம்மாற்றத்தைக் கண்டது மவுண்ட் ரோட்டில். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காக 1953-இல் தொடங்கிய பணி அது. மறு ஆண்டு சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. லண்டன் கட்டடக் கலைஞர்கள் இடையில் விலக, எல்.எம். சித்தாலே பணியை நிறைவு செய்தார். பதினெட்டு மாடி என்று திட்டமிட்டது பன்னிரண்டோடு நின்றது. 177 அடி உயரத்துடன் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம், சுண்ணாம்பும் செங்கல்லும் ஆண்ட நகருக்குக் கான்கிரீட் தூண்களின் ஆற்றலைக் காட்டியது. 1975-இல் பெருந்தீக்கு இரையாகியும் அதன் எலும்புக்கூடு வீழவில்லை. சீர்செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது.

நாற்பது மாடியைக் கடந்தால் பாரத்தைவிடக் காற்றே பெரும் பகை. அதனை வென்றவர் ஒரு வங்காள முஸ்லிம் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1929-இல் டாக்காவில் பிறந்த மர்ஹூம் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1952-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். உள்ளே தூண்களை அடுக்குவதற்கு மாறாக, அவற்றைக் கட்டடத்தின் வெளிவிளிம்பில் நெருக்கமாக நிறுத்தி, உத்தரங்களால் பிணைத்து, கட்டடம் முழுவதையும் ஒரு குழாயாக்கினார். உள்ளீடற்ற மூங்கில் புயலில் வளைந்து நிமிர்வதை நாம் கண்டதில்லையா? சிகாகோவில் 1969-இல் எழுந்த நூறு மாடி ஜான் ஹான்காக் கட்டடத்திற்குக் குறுக்குக் கட்டைகளால் வலுவூட்டினார். 1974-இல் நிறைவுற்ற 110 மாடி சியர்ஸ் கோபுரத்தில் ஒன்பது குழாய்களை ஒரே கட்டாகக் கட்டினார். 442 மீட்டர் உயரமுள்ள அது 1998 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. ஜித்தா விமான நிலையத்தில் கூடாரங்கள் போன்ற கூரையின் நிழலில் இளைப்பாறிய நம் ஹாஜிகள், அதனை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். 1982-இல் அந்த ஜித்தாவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் பணியாற்றிய நிறுவனம் பின்னாளில் வடிவமைத்த துபாய் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரமுடையது. அதற்காக ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, 190-க்கும் மேற்பட்ட கான்கிரீட் பைல்களை இறக்கினர். முதலில் மண் பரிசோதனை, பின்னர் பைல், அதன்மேல் பைல்களைப் பிணைக்கும் கான்கிரீட் மெத்தை, அப்புறமே தூண் என்பது முறை. ஊற்றிய கான்கிரீட்டை ஈரம் காயாமல் காக்க வேண்டும். அது கணக்கிட்ட வலிமையை எய்த 28 நாட்கள் ஆகும். அவசரம் எவருடையதாயினும் கான்கிரீட் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

மண்ணூரிலிருந்து சென்னை செல்லும் வழியில், போரூரை அடுத்துள்ளது மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று, ஒரு மழை மாலையில், அங்கே கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்த கூலியாட்கள். அருகிலிருந்த இணைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தனர். மழை கட்டடங்களுக்குப் புதிதன்று. நல்ல கட்டடம் மழையிலும் நிற்கும்.

பூச்சுக்குள் மறைந்த கம்பியையும் மண்ணுக்குள் மறைந்த பைலையும் குடிபுகுவோர் ஒருநாளும் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றை நம்பித் தம் பிள்ளைகளை அங்கே உறங்க வைக்கின்றனர். இதனையே நாம் அமானத் என்கிறோம். மண்ணூர்ப் பக்கம் இனி எழப்போகும் மாடிகளின் உயரத்தை எவரும் அண்ணாந்து பார்த்து அளந்துவிடலாம். வானம் தோண்டியபோது நேர்மையும் அங்கே இருந்ததா என்பதை மட்டும், தோண்டும் அந்த நாளிலேயே கேட்டாக வேண்டும்.